இலக்கு ரைபிளுக்கு இலேசான ட்ரிகர்: வாங்குமுன் ஒரு போத்தல் தண்ணீர் எடுங்கள்

போன சித்திரையில் ஒரு இரவு, பத்தரை மணி இருக்கும், கல்முனையிலிருந்து மருமகன் போன் எடுத்தான். "மாமா, எண்பது கிராம் ட்ரிகர் ஒன்று இருக்காம். அதைப் போட்டா பத்து பத்தா விழுமாமே?" என்று கேட்டான். சுடப் பழகி நாலு மாதம்தான். "இப்ப உன்ட ரைபிள்ல இருக்கிற ட்ரிகர் எத்தனை கிராம்?" என்று கேட்டேன். சத்தமில்லை. மறுகா மெதுவாக, "அது தெரியாது மாமா" என்றான். இங்கே கிராம் என்பது ட்ரிகரின் சொந்த எடை இல்லை, அது விடுவதற்கு விரல் இழுக்க வேண்டிய பாரம். பத்து என்பது இலக்கின் நடுவுக்குக் கிடைக்கிற புள்ளி.

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். சுடுதல் கழகத்தில் சேர்ந்து, காற்றால் தள்ளுகிற எயார் ரைபிளோ சின்ன ரவை போடுகிற .22 ரைபிளோ சுடத் தொடங்கி, கொஞ்ச நாளில் "எல்லாரும் ட்ரிகர் மாற்றுகிறார்களே, நானும் மாற்றவா?" என்று யோசிக்கிறவர்களுக்கு இது. வயல் காவலுக்கு வைத்திருக்கிற துவக்குக்கு இலேசான ட்ரிகர் தேடி யாராவது இதைத் திறந்திருந்தால் இத்தோடு மூடிவிடுங்கள். இருட்டில், சேற்று வரப்பில், பன்றி வந்த பதற்றத்தில் கையாளுகிற துவக்குக்கு விசை, அதாவது ட்ரிகர், பாரமாக இருப்பதுதான் நல்லது. தொட்டவுடன் வெடிக்கிற விசை என்ன செய்யும் என்று மிருகம் வருகிற பாதையில் கட்டிவைக்கிற கட்டுத்துவக்கைப் பற்றிக் கேள்விப்பட்ட, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை ஆக்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

கடதாசி வேலை முதலில்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் சுடுகலன் விஷயங்கள் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்துக்குக் கீழே வருகின்றன. உரிமப் பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ட்ரிகர் என்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னச் சாமான் என்பதற்காக, வெளிநாட்டுக் கடையில் ஓடர் போட்டுப் பார்சலில் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். கழகத்தின் மூலமாக எழுத்தில் அனுமதி கேளுங்கள், பதிலும் எழுத்தில் வரட்டும். சுவிஸில் இருக்கிற மச்சான் வரும்போது பயணப் பையில் போட்டுக்கொண்டு வரட்டும் என்ற யோசனையும் வேண்டாம். நம் பக்கத்தில் துவக்கு என்ற சொல் காதில் விழுந்தாலே வீட்டுப் பெரியவர்களின் முகம் மாறும், ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் நான் இந்த விளையாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல் எதையும் கையில் எடுத்ததில்லை.

உள்ளே என்ன நடக்கிறது

மாட்டுப் பட்டியின் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மாடுகள் கதவைத் தள்ளிக்கொண்டு நிற்கின்றன, வெளியே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. மாடு தள்ளத் தள்ளத் தாழ்ப்பாளை இழுப்பது கஷ்டம், ஏனென்றால் கதவும் தாழ்ப்பாளும் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடிக்கின்றன. தாழ்ப்பாள் ஓட்டைக்குள் ஆழமாகப் போயிருந்தால் நெடுக இழுக்க வேண்டும். நுனி மட்டும் கொளுவியிருந்தால் விரலால் தட்டினாலே கதவு திறந்துவிடும், சில நேரம் தட்டாமலே திறக்கும்.

ரைபிளில் மாட்டின் வேலையைச் செய்வது அடிமுளையை, அதாவது ரவையில் அடித்து வெடிக்கவைக்கிற ஊசியைத் தள்ளும் ஸ்பிரிங். தாழ்ப்பாளின் பெயர் சியர். நீங்கள் ட்ரிகரை இழுக்கும்போது சியர் நழுவுகிறது, அடிமுளை பாய்கிறது, ரவை வெடிக்கிறது. ஆகவே ட்ரிகரை "இலேசாக்க" இரண்டு வழி இருக்கிறது: தாழ்ப்பாளைத் திருப்பி இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங்கை மெலிதாக்கலாம், அல்லது தாழ்ப்பாள் கொளுவியிருக்கிற ஆழத்தைக் குறைக்கலாம். முதலாவது ஓரளவுக்கு வீட்டு வேலை. இரண்டாவது ஆள் கொல்லி. யூடியூப் பார்த்துவிட்டு அரத்தையும் எண்ணெய்க் கல்லையும் எடுத்துச் சியரைத் தேய்க்கிறவர்கள் இந்த இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். அந்த உலோகத்தில் கடினமான தோல் ஒரு மெல்லிய அளவுக்குத்தான் இருக்கும், அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் உள்ளே இருக்கிற மெதுவான இரும்பு நாளுக்கு நாள் தேயும். இன்றைக்கு 500 கிராமில் விடுகிற ட்ரிகர் ஒரு மாதம் கழித்து எத்தனையில் விடும் என்று யாருக்கும் தெரியாது.

விரலுக்குத் தெரிகிற விஷயங்கள் நாலைந்து உண்டு. இழுக்கத் தொடங்கியதும் தடையில்லாமல் வருகிற தூரம் ஒன்று. அதன் முடிவில் விரல் போய் முட்டுகிற சுவர் ஒன்று. சுவரில் முட்டிய பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக அரைபட்டு நகர்ந்தால் அதற்கு ஊர்தல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். விட்ட பிறகு ட்ரிகர் மேலும் பின்னால் ஓடுகிற தூரம் மிச்ச ஓட்டம். காய்ந்த ஈர்க்கை முறிக்கும்போது வளையாமல் 'டிக்' என்று முறிகிறதே, அப்படி விட வேண்டும். பச்சை ஈர்க்கு மாதிரி வளைந்து வளைந்து எப்போது முறியும் என்று தெரியாமல் நின்றால், எத்தனை கிராம் என்றாலும் அது கெட்ட ட்ரிகர்தான்.

மருமகனுக்கு மண்டையில் ஏறாதது இந்த இடம்தான். கிராம் கணக்கு பெட்டியில் அச்சடித்திருக்கிறது, அதனால் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே பாரத்தில் விடுகிறதா என்பது பெட்டியில் எழுதியிருக்காது. 900 கிராமில் ஒரே மாதிரி விடுகிற ட்ரிகரோடு, ஒருதரம் 300, இன்னொருதரம் 420 என்று விடுகிற இலேசான ட்ரிகரை வைத்துப் பார்த்தால், புதியவருக்கு முதலாவதுதான் நன்றாகக் குறி தரும். விரல் அந்தப் பாரத்தைப் பாடம் பண்ணிவிடும். மாறிக்கொண்டே இருப்பதை எந்த விரலாலும் பாடம் பண்ண முடியாது.

போத்தல் அளவை

சரி, இப்போது இருக்கிற ட்ரிகரை அளந்து பாருங்கள். இதற்கென்று விற்கிற டிஜிட்டல் தராசு கழகத்தில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மீன்காரரின் கொளுவித் தராசு வேண்டாம், அது 50 கிராமைக் காட்டுவதற்குள் கண் வலித்துவிடும். ஒரு போத்தல் தண்ணீர் போதும்.

.22 போல்ட் ரைபிளுக்குச் சொல்கிறேன். போல்ட் என்பது ரவை போடக் கையால் இழுத்துத் திறந்து மூடுகிற இரும்புத் தண்டு. நீங்கள் அளக்கிற வீட்டு அறைக்குள் ரவை ஒன்றுகூட இருக்கக் கூடாது, பெட்டியோடு வெளியே வைத்துவிட்டு வாருங்கள். போல்ட்டைத் திறந்து, ரைபிளில் ரவை போய் இருக்கிற அறையைக் கண்ணாலும் பாருங்கள், சின்ன விரலாலும் தொட்டுப் பாருங்கள், பிறகு இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பின் சுட்டு முடிந்த ஒரு வெற்றுக் கோதைப் போட்டுப் போல்ட்டை மூடுங்கள். வெறும் அறையில் விசை விட்டால் சில .22களில் அடிமுளை அறையின் விளிம்பில் அடித்துக் குழி போட்டுவிடும். ரைபிளை வாய் மேலே பார்க்க நிமிர்த்தி, ஒருவர் உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சைக்கிள் கம்பி ஒன்றை வளைத்துக் கொளுக்கியாக்கி, விரல் படுகிற இடத்தில், அதாவது ட்ரிகரின் வளைவு நடுவில் கொளுவுங்கள். கொளுக்கி நுனிப் பக்கம் இறங்கினால் எடை குறைவாகக் காட்டும், மேலே ஏறினால் கூடக் காட்டும், நெம்புகோல் கணக்குத்தான். கொளுக்கியின் மற்ற நுனியில் ஒன்றரை லீற்றர் வெற்றுப் போத்தலைத் தொங்கவிடுங்கள். கீழே தலையணை ஒன்று இருக்கட்டும்.

இனித் தண்ணீர். ஒரு மில்லிலீற்றர் தண்ணீர் ஒரு கிராம், அவ்வளவுதான் கணக்கு. எங்கள் கழகத்தில் ஒருவருடைய மனைவி தாதி, அவர் கொடுத்த பாவிக்காத சேலைன் குழாய் ஒன்றால் சொட்டுச் சொட்டாக விட்டோம். கையால் ஊற்றினால் தண்ணீரின் வீச்சே ட்ரிகரை இழுத்துவிடும். 'டிக்' என்ற சத்தம் கேட்டதும் குழாயை மூடி, போத்தல், தண்ணீர், கொளுக்கி எல்லாவற்றையும் ஒன்றாகச் சமையலறைத் தராசில் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். பத்துத் தரம் செய்யுங்கள். இரண்டு தரத்தோடு அலுத்துப்போய் விட்டுவிடுகிறவர்களுக்கு இந்த அளவையால் பிரயோசனம் இல்லை, ஏனென்றால் நாம் தேடுவது சராசரியைவிட, ஆகக் கூடியதுக்கும் ஆகக் குறைந்ததுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை.

நாங்கள் அளந்த கழகத்து ரைபிளில் முதல் நாள் வந்தது 1,180இலிருந்து 1,410 வரை. 230 கிராம் ஆட்டம்! அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் புது ட்ரிகர் வாங்கலாம் என்று ஒரே சத்தம்.

பத்து மீற்றர் எயார் ரைபிள்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங்கால் பிஸ்டனைத் தள்ளுகிற எயார் ரைபிளை ரவை போடாமல் விடவே கூடாது, பிஸ்டன் போய் முட்டி உடையும். அழுத்தக் காற்று உருளை வைத்த போட்டி ரைபிள்களில் வெறும் விசை பழகுவதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கும், அதில் வைத்து அளக்கலாம்.

வாங்குவதற்கு முன் கழுவுங்கள்

மட்டக்களப்பில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கல்லடியில் ஜன்னல் கொண்டியே வருடத்துக்கு ஒருமுறை துருப்பிடித்து இறுகுகிறது, ட்ரிகருக்குள் இருக்கிற ஊசிமுனை ஸ்பிரிங் எம்மாத்திரம்? அதற்குப் பயந்து ஆக்கள் எண்ணெயை ஊற்றுகிறார்கள். தையல் மெஷின் எண்ணெய், தேங்காயெண்ணெய்கூடப் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அது காற்றில் காய்ந்து பிசினாகி, அதில் மணலும் தும்பும் ஒட்டி, தாழ்ப்பாள் ஓட்டையைச் சேறு போட்டு அடைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

கழகத்து ரைபிளின் கட்டையை, அதாவது தோளில் வைக்கிற மரப் பகுதியைக் கழற்றி, ட்ரிகர்ப் பகுதியை லைற்றருக்கு ஊற்றுகிற பெற்றோலால் மூன்று தரம் கழுவிக் காயவைத்தோம். வெளியே வந்த தண்ணி தேத்தண்ணி நிறம். வேறு எண்ணெய் எதுவும் போடவில்லை. திரும்ப அளந்தபோது 1,120இலிருந்து 1,165 வரை வந்தது. ஒரு சதம்கூடச் செலவில்லாமல் 230 கிராம் ஆட்டம் 45 ஆகிவிட்டது. புது ட்ரிகர் கேட்டுச் சத்தம் போட்டவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள்.

உள்ளே பிசுக்குச் சேர்வதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 2014இல் அமெரிக்காவின் ரெமிங்டன் கம்பனி, 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்த எக்ஸ்-மார்க் புரோ ட்ரிகர் வைத்த ரைபிள்களைத் திருப்பி அழைத்தது. தொழிற்சாலையில் போட்ட ஒட்டும் பசை அளவுக்கு மிஞ்சியிருந்ததால், சில சூழ்நிலைகளில் விரல் வைக்காமலே வெடிக்கக்கூடும் என்று அவர்களே அறிவித்தார்கள். அவ்வளவு பெரிய தொழிற்சாலையிலேயே ஒரு துளி பசை இந்த வேலை பார்க்கிறது என்றால், துருப்பிடிக்கும் என்று நாம் குடம் குடமாக எண்ணெய் ஊற்றுவது எப்படி இருக்கும்?

கழுவிய பிறகு, ரைபிளோடு வந்த கைநூலைப் பாருங்கள். பல ரைபிள்களில் எடையைக் கூட்டிக் குறைக்கக் கம்பனியே ஒரு ஆணி வைத்திருக்கும். செக் நாட்டு சீ-செட் 457இல் தொழிற்சாலை ட்ரிகரையே 800 கிராமிலிருந்து 1,500 கிராம் வரை திருகிக்கொள்ளலாம். அமெரிக்க சவேஜ் ரைபிள்களின் அக்யூ ட்ரிகரையும் அதற்கான சாவியால் திருகலாம். அதன் நடுவில் ஒரு மெல்லிய தகடு இருக்கும், அதையும் சேர்த்து அழுத்தாவிட்டால் விடாது. ஜெர்மன் வைராவ் எயார் ரைபிள்களில் வருகிற ரெக்கோர்ட் ட்ரிகரை மாற்ற நினைக்கிறவர்களை எனக்கு விளங்குவதே இல்லை, அதைச் சரியாகத் திருகத் தெரிந்தால் போதும். எடை ஆணியை மட்டும் தொடுங்கள், கால் சுற்றாகத் திருகி அளவுங்கள். பெயின்ற் பூசி முத்திரை வைத்த ஆணி இருந்தால் அது பெரும்பாலும் சியரின் ஆழம், அதைத் தொடாதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகு அதிலேயே மூன்று மாதம் சுடுங்கள். அப்போதும் ஊர்தல் இருக்கிறது, எடை இன்னும் குறைய வேண்டும் என்று தோன்றினால் மட்டும் கீழே வாசியுங்கள்.

ஒரு கட்டமா, இரண்டு கட்டமா

ஒரு கட்ட ட்ரிகரில் விரல் வைத்தவுடனேயே சுவர்தான், அழுத்தினால் விடும். இரண்டு கட்ட ட்ரிகரில் முதலில் கொஞ்சத் தூரம் இலேசாக வந்து, பிறகு சுவரில் முட்டும், அங்கே நின்று மூச்சை அடக்கி, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் விடும். 300 கிராம் ட்ரிகர் என்றால் 200 முதல் கட்டத்திலும் மிச்சம் 100 இரண்டாம் கட்டத்திலும் போகலாம், அதனால் விரலுக்கு அது 100 கிராம் ட்ரிகர் மாதிரித் தெரியும், ஆனால் தற்செயலாக உரசினால் முழு 300உம் காவல் நிற்கும். புதியவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கட்டம்தான் சொல்வேன். நின்று சுடுகிறவருக்கு இன்னும் அழுத்திச் சொல்வேன். படுத்தோ மேசையில் மணல் பை வைத்தோ சுடுகிறவர்களில் பலருக்கு ஒரு கட்டம் பிடிக்கும், அது அவரவர் விருப்பம்.

எத்தனை கிராம்?

பெட்டிகளில் எடை பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கில் இருக்கும். ஒரு இறாத்தல் 454 கிராம், ஒரு அவுன்ஸ் 28 கிராம், இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 8 அவுன்ஸை 8 இறாத்தல் என்று வாசித்துவிட்டு "இது பாரம் கூட" என்று எனக்கு வாதம் பண்ணியிருக்கிறார்.

பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்கள் 2 அவுன்ஸ் ட்ரிகர் பாவிப்பார்கள், அதாவது 57 கிராம் அளவில். அதைக் கேட்டுத்தான் இளம் பிள்ளைகளுக்கு ஆசை வருகிறது. அவர்களுடைய ரைபிள் மேசையில் கல்லுப் போல இருக்கிறது, கை பெரும்பாலும் அதைத் தொடுவதே இல்லை, விரல் நுனி மட்டும் வந்து போகிறது. தோளில் கிடந்து மூச்சோடு ஏறி இறங்குகிற உங்கள் ரைபிளுக்கு அந்த எண் பொருந்தாது. பத்து மீற்றர் போட்டியில் ஜெர்மன் அன்ஷூட்ஸ், ஃபைன்வெர்க்பௌ, வால்தர் ரைபிள்களில் 100 கிராம் அளவில் வைப்பவர்கள் உண்டு. அங்கே இலக்கின் பத்து அரை மில்லிமீற்றர் புள்ளி, ரவையோ 4.5 மில்லிமீற்றர், ரைபிள் 5.5 கிலோ வரை போகலாம். அந்த இடத்துக்கு அவர்கள் வருடக்கணக்கில் பழகித்தான் இறங்கியிருக்கிறார்கள்.

விதியையும் பாருங்கள். சர்வதேச சுடுதல் சம்மேளனத்தின் விதிப்படி பத்து மீற்றர் எயார் ரைபிளுக்கும் ஐம்பது மீற்றர் ரைபிளுக்கும் ஆகக் குறைந்த ட்ரிகர் எடை என்று ஒன்று இல்லை. ஆனால் பத்து மீற்றர் எயார் பிஸ்டலுக்கு 500 கிராம், 300 மீற்றர் ஸ்டாண்டர்ட் ரைபிளுக்கு 1,500 கிராம். சுவிஸில் இருக்கிற என் மச்சான் 300 மீற்றர் சுடப் போகிறவர், "நான் 1,500 கிராமில் படிச்சவன், நீங்கள் எல்லாம் இறகால சுடுற ஆக்கள்" என்று பகிடி பண்ணுவார். உங்கள் போட்டி எது, அதன் விதி என்ன என்று பார்க்காமல் வாங்கிவிட்டுச் சோதனை மேசையில் திரும்பி வராதீர்கள்.

என் அளவு இதுதான், என் அனுபவத்தில் வந்தது, யாரும் வேறு சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன்: .22 ரைபிளில் முதல் வருடம் 800 கிராமுக்குக் கீழே வேண்டாம். இரண்டாம் வருடம் 500 வரை வாருங்கள். பத்து மீற்றரில் இரண்டு கட்டத்தோடு 200இல் தொடங்குங்கள். சித்திரை வெயிலில் கை வியர்த்து விரல் வழுக்கும்போதும், மார்கழி மழையில் குளிர்ந்து விரல் மரத்திருக்கும்போதும், சுவரைத் தெளிவாக உணர்ந்து அதில் மூன்று விநாடி நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது உங்களுக்கு இலேசு கூடிவிட்டது.

எது பொருந்தும்

ட்ரிகர் பொருந்துவது ரைபிளின் பெயருக்கு இல்லை, அதன் அக்ஷனுக்கு, அதாவது போல்ட் ஓடுகிற அந்த இரும்புக் கூட்டுக்கு. ஆகப் பரவலான வடிவம் ரெமிங்டன் 700. அதைப் பின்பற்றிச் செய்த வேறு கம்பனி அக்ஷன்களிலும் அதே ட்ரிகர் ஏறும், அதனால் தெரிவும் கூட. அமெரிக்க டிம்னியின் கால்வின் எலீட் 8 அவுன்ஸிலிருந்து இரண்டரை இறாத்தல் வரை, அதாவது 227 கிராமிலிருந்து 1,130 வரை திருகலாம், புதியவர் தொடங்கிப் பழகி இறங்குவதற்கு இந்த வீச்சு நல்லது. அமெரிக்க ஜுவல், ஒன்றரை அவுன்ஸ் வரை இறங்கும், போட்டிக்காரர்களிடம் நெடுநாள் பெயர் எடுத்தது, ஆனால் தூசியும் மணலும் பிடிக்காத பிள்ளை. கனடாவின் ட்ரிகர்டெக் சியருக்கும் ட்ரிகருக்கும் நடுவில் ஒரு சின்ன உருளையை வைத்திருக்கிறது, உரசி நழுவுவதற்குப் பதில் உருண்டு விடுகிறது. பட்டிக் கதவின் தாழ்ப்பாளுக்குச் சில்லுப் பூட்டிய மாதிரி. எங்கள் கடற்கரை மணலுக்கு நான் வாங்குவதென்றால் இதைத்தான் வாங்குவேன். ஆஸ்திரியாவின் பிக்ஸ் அண்ட் ஆண்டியில் குண்டுகள் அந்த வேலையைச் செய்கின்றன, விரலுக்கு அதைவிடச் சுத்தமாக எதுவும் நான் தொட்டதில்லை, ஆனால் அந்தக் காசுக்கு முதல் இரண்டு வருட ரவையை வாங்கிவிடலாம்.

அன்ஷூட்ஸ் 54 அக்ஷன் போட்டி ரைபிள் கழகத்தில் இருந்தால், அதன் இரண்டு கட்ட 5018 ட்ரிகரை மாற்ற நினைக்கவே வேண்டாம். கழுவுங்கள், அளவுங்கள், அவ்வளவுதான்.

ஓடர் போடுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்: பாதுகாப்புப் பூட்டு ட்ரிகரோடு வருகிறதா, உடம்பில் இருக்கிறதா? போல்ட்டைக் கழற்றுகிற நெம்பு ட்ரிகரில் இருக்கிறதா? இடக்கைக்காரருக்குப் பூட்டு எந்தப் பக்கம்? கட்டையில் மரம் செதுக்க வேண்டி வருமா? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் வாங்கி, கட்டையின் உள்பக்கம் ட்ரிகரில் முட்டிக்கொண்டு நின்று, "ட்ரிகர் பழுது" என்று திருப்பி அனுப்பியவர் ஒருவர் உண்டு. அவர் நான்தான். ஓடாவி ஒருவர் உளியால் ஒரு நெல்லுமணி அளவு மரத்தைச் சீவிவிட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது.

பூட்டிய பிறகு

பூட்டுகிற வேலையைத் தெரிந்தவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள். இரண்டு ஊசிகள்தான் பெரும்பாலும், ஆனால் அவற்றை எந்தப் பக்கத்திலிருந்து தட்டுவது என்பதில் இருக்கிறது கதை. பூட்டி முடிந்தபின் சோதனையை மட்டும் நீங்களே செய்யுங்கள், வெற்று ரைபிளில், ரவை வெளியே.

பாதுகாப்புப் பூட்டைப் போட்டு ட்ரிகரை நன்றாக இழுங்கள், விட்டுவிடுங்கள், பிறகு பூட்டைத் திறவுங்கள். திறக்கிற கணத்தில் அடிமுளை பாய்ந்தால் அந்த ரைபிள் அந்த இடத்திலேயே நிற்கட்டும். அடுத்து, போல்ட்டை வழக்கத்தைவிட வேகமாக இருபது தரம் அடித்து மூடுங்கள். ஒருதரம் நழுவினாலும் தோல்விதான். அதற்குப் பிறகு விசை ஏற்றிய நிலையில் கட்டையின் அடியிலும் பக்கங்களிலும் ரப்பர்ச் சுத்தியலால், இல்லாவிட்டால் தடித்த செருப்பால், ஓங்கித் தட்டுங்கள். முதன்முதல் நான் எடை ஆணியை ஆசையில் ஒரு முழுச் சுற்று அளவுக்கு மிஞ்சித் தளர்த்திவிட்டுப் போல்ட்டை மூடினேன், ஏழாவது தரம் 'டிக்' என்றது. விரல் ட்ரிகருக்குப் பக்கத்தில்கூட இல்லை. உள்ளே வெற்றுக் கோதுதான் இருந்தது, ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அரைச் சுற்று திருப்பி இறுக்கி, திரும்ப இருபது தரம், பிறகு இன்னொரு இருபது.

நழுவாத எடையைக் கண்டுபிடித்த பின் அதற்கு மேல் நூறு கிராமாவது கூட்டி வையுங்கள். பிறகு போத்தலைக் கொண்டுவந்து பத்துத் தரம் அளந்து, திகதியோடு எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், கச்சான் காற்று மணல் அள்ளிப் போட்ட நாட்களுக்குப் பிறகும் அளக்க வேண்டும்.

முதல் மூன்று கிழமை ரவைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு, குறியே வைக்காமல், வெற்றுக் கோதில் ஒரு நாளைக்கு முப்பது தரம் விசை விடுங்கள். விரலின் முதல் கணுவின் நடுத்தசை ட்ரிகரில் படட்டும், நேரே பின்னால் வரட்டும். ரைபிள் குழாயின் மேல் ஒரு இரண்டு ரூபாக் குற்றியை வைத்து அது விழாமல் விட முடிகிறதா என்று பாருங்கள். மருமகன் முதல் நாள் முப்பதில் இருபத்திரண்டு தரம் விழுத்தினான். எண்பது கிராம் ட்ரிகரைப் பற்றி அதன் பின் அவன் கதைக்கவில்லை. கழகத்து ரைபிளை 900இல் வைத்துச் சுட்டுக்கொண்டிருக்கிறான்.

கழற்றிய பழைய ட்ரிகரை எறியாதீர்கள். அதன் ஊசிகளோடும் ஸ்பிரிங்கோடும் ஒரு ஸிப் வைத்த பையில் போட்டு, எந்த ரைபிளுடையது, எத்தனை கிராமில் இருந்தது என்று எழுதி, உரிமப் பத்திரத்தின் பிரதியோடு கழகத்து இரும்பு அலுமாரியில் வையுங்கள். கைகாவலுக்கு ஒரு பொட்டலம் சிலிக்கா மணியும் போடுங்கள், சப்பாத்துப் பெட்டிக்குள் வருமே, அதுதான்.